முலாம் பூசிய புத்தர் சிலையில் பச்சைப் புள்ளி: புளி வேண்டாம்

சிங்கப்பூரில் உள்ள உங்கள் புத்தர் சிலையின் வலது முழங்கால் பக்கம் பச்சைப் புள்ளி வந்திருக்கிறது, புளி போட்டுத் தேய்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தேய்க்காதீர்கள். நேபாளத்தில் செய்த சிலை, உள்ளே செம்பு, மேலே தங்க முலாம் என்கிறீர்கள். குத்துவிளக்குக்குப் புளி சரி; இதில் புளியோ பிராஸோ என்ற உலோக மெருகுத் திரவமோ போட்டுத் தேய்த்தால் மெல்லிய முலாம் தேய்ந்துபோகும். முகத்தில் பெரும்பாலும் தங்கப்பொடியைப் பசையில் குழைத்துப் பூசியிருப்பார்கள். அது ஈரத்துணிக்கே வந்துவிடும்.

வலது முழங்கால் பக்கம் மட்டும் பச்சை வந்ததற்குக் கை வியர்வையின் உப்பு காரணமாக இருக்கலாம். பூமியைத் தொடும் முத்திரை என்பதால் வலது கை அந்த முழங்கால்மேல் தொங்கும்; கும்பிடுகிறவர்கள் அந்த விரல்களைத் தொட்டிருக்கலாம். அப்புறம் சிங்கப்பூர் ஈரக்காற்று வேறு. முலாமில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் உப்பு செம்பைப் பிடித்துக்கொள்ளும்.

இதைச் செய்து பாருங்கள்:

1. காய்ந்த மரப் பல்குச்சியால் ஒரு புள்ளியை மெதுவாகத் தொடுங்கள். கெட்டியாக ஒட்டியிருந்தால் பழைய களிம்பு, விட்டுவிடலாம்.
2. வெளிர்பச்சைப் பொடியாக உதிர்ந்து, சில நாளில் அதே இடத்தில் திரும்ப வந்தால் உப்பு அரிப்பு. கேமரா வைக்கும் டிரை கேபினட்டில் ஈரப்பதம் 45%க்குக் கீழே வைத்தால் வேகம் அடங்கும், முழுதாகக் குணமாகாது. உலோகச் சிலை பராமரிப்பாளரிடம் காட்டுங்கள்.

தினமும் துடைக்க மென்மையான உலர்ந்த தூரிகை போதும்.

ஒன்று கவனம்: அடித்தகடு மூடியிருந்தால் உள்ளே மந்திரச் சுருள்கள் இருக்கலாம். தண்ணீரில் முக்காதீர்கள், தகட்டை நெம்பாதீர்கள். திறந்தால் பிரதிஷ்டை கலைந்ததாகக் கருதுவார்கள்.