சர்வரில் ஏறாத புராஜெக்ட்டும் மகளின் தயக்கமும்: ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

எம்.சி.ஏ. முடித்துப் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கும் தங்கள் மகள், தாமே எழுதிய வெப் சர்வீஸை நிறுவனத்தின் டாம்கேட் சர்வரில் (ஜாவா வெப் புரோகிராம்களை ஓட்டும் மென்பொருளில்) ஓட வைக்க முடியாமல் மனம் தளர்ந்து, ‘இந்தத் துறை எனக்கு ஒத்துவராது, வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன்’ என்று சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். பயிற்சிக்குப் பிறகு அவரை, ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளில் வரும் பழுதுகளைக் கவனிக்கும் அப்ளிகேஷன் சப்போர்ட் பிரிவில் அமர்த்தப் போகிறார்கள் என்பதால், அது கோடிங் தெரியாதவர்களுக்குத் தரும் இரண்டாந்தர வேலையோ என்ற ஐயமும் தங்களுக்கு இருக்கிறது. வங்கித் தேர்வு எழுதுவதில் தவறேதும் இல்லை. ஆனால் இந்த ஒரு காரணத்துக்காக அவர் துறையை விட்டு விலக வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அதற்கான விளக்கத்தில் தொழில்நுட்பப் பகுதி அதிகம் வரும் என்பதால், இக்கடிதத்தை அவரையும் படிக்கச் சொல்லுங்கள்.

கல்லூரி லேப்பில் சரியாக ஓடிய அதே வார் கோப்பை (புராஜெக்ட் முழுவதையும் ஒன்றாகக் கட்டிய கோப்பை) இங்கே வெப்ஆப்ஸ் ஃபோல்டரில் போட்டால், சர்வர் அதை விரித்துக்கொள்கிறது. எரர் எதுவும் காட்டவில்லை. ஆனால் பிரவுசரில் ‘பக்கம் இல்லை’ என்று பொருள்படும் 404 மட்டுமே வருகிறது என்று அவர் சொல்லியிருக்கிறார். இந்த விவரத்தை வைத்துப் பார்க்கும்போது, அவருடைய கோடிங்கைவிட சர்வரின் பதிப்பைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். ஜாவாவில் வெப் அப்ளிகேஷன் எழுத உதவும் ஜாவா இஇ என்ற தொழில்நுட்பத்தை ஆரக்கிள் நிறுவனம் 2017-இல் எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைக்க முடிவு செய்தது. அடுத்த ஆண்டு அதற்கு ஜகார்த்தா இஇ என்று பெயர் மாறியது. 2020-இல் வந்த அதன் 9-ஆம் பதிப்பில், ஜாவாஎக்ஸ் என்று தொடங்கிய பேக்கேஜ் (கோடின் தொகுப்பு) பெயர்கள் ஜகார்த்தா என்று மாற்றப்பட்டன. டாம்கேட் 9 வரை பழைய பெயர்; 10 முதல் புதிய பெயர். பழைய பெயரில் அனோட்டேஷன் (கோடில் இடும் அடையாளக் குறிப்பு) போட்டு எழுதிய சர்வ்லெட்டை (பிரவுசரின் கோரிக்கைக்குப் பதில் தரும் ஜாவா நிரலை) டாம்கேட் 10 தனக்குரியதாகவே கருதாது. எனவே குறை சொல்லாமல் விட்டுவிடும், கேட்ட முகவரியில் ஒன்றும் இல்லை என்று 404 தரும். ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா கட்டமைப்பின் 2-ஆம் பதிப்பில் செய்த வார் கோப்பை டாம்கேட் 10-இல் போட்டாலும் இதே கதைதான், ஏனெனில் ஸ்பிரிங் பூட் 3 வந்த பிறகே அது புதிய பெயருக்கு மாறியது. பழைய பயிற்சிக் குறிப்புகளைப் பார்த்துப் படித்த மாணவர்கள் இதில் மாட்டிக்கொள்வது மிகவும் இயல்பு.

தீர்வு கடினமானதன்று. புராஜெக்ட்டை டாம்கேட் 9-இல் ஏற்றிப் பார்க்கலாம். அல்லது டாம்கேட் 10-இல் ‘வெப்ஆப்ஸ்-ஜாவாஇஇ’ என்ற பெயரில் ஒரு ஃபோல்டரை உருவாக்கி வார் கோப்பை அதில் போட்டால், சர்வரே பெயர்களை மாற்றி வெப்ஆப்ஸில் வைத்துவிடும். நிலையான வழி, கோடில் உள்ள இம்போர்ட் வரிகளையும் லைப்ரரிகளையும் புதிய பதிப்புக்கு மாற்றுவதே.

அப்படியும் சரியாகவில்லை என்றால், அடுத்து முகவரியைப் பார்க்க வேண்டும். வார் கோப்பின் பெயரே முகவரியில் முதல் பகுதியாக வரும் என்பதால், கோப்பின் பெயரில் பெரிய எழுத்து இருந்து முகவரியில் சிறிய எழுத்தாக அடித்தாலும் 404 வரும். அடுத்து ஜாவாவின் பதிப்பு. ஜாவா 17-இல் கம்பைல் செய்ததை ஜாவா 8 இருக்கும் சர்வரில் போட்டால், ‘அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன்’ என்ற எரரில் 61, 52 என்று இரண்டு எண்கள் வரும். 61 என்பது ஜாவா 17-ஐயும், 52 என்பது ஜாவா 8-ஐயும் குறிக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், லாக் (சர்வர் தன் செயல்களை எழுதி வைக்கும் குறிப்பு) படிக்கும் பழக்கம். ‘ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட லிஸனர்கள் (அப்ளிகேஷன் தொடங்கும்போது இயங்கும் பகுதிகள்) தொடங்கவில்லை, விவரம் உரிய லாக் கோப்பில் இருக்கிறது’ என்ற பொருளில் டாம்கேட்டின் முதன்மை லாகான கேட்டலினா லாகில் ஒரு வரி வரும்போது, பலர் அந்த வரியையே கூகுளில் தேடி அலைகிறார்கள். உண்மையான காரணம் அதே ஃபோல்டரில் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்ற பெயருடனும் அன்றைய தேதியுடனும் இருக்கும் வேறொரு கோப்பில் எழுதப்பட்டிருக்கும். அதைத் திறந்து, நூறு வரி நீளும் எரரில் கடைசியாக வரும் ‘காஸ்டு பை’ (இதனால் வந்தது) வரியிலிருந்து படிக்கத் தொடங்கினால், டேட்டாபேஸுடன் இணைக்கும் டிரைவர் ஜார் கோப்பு விடுபட்டதா, பாஸ்வேர்டு தவறா என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதும், எதை மாற்றினோம் என்று எழுதி வைப்பதும் அவருக்கு இப்போதே கைவர வேண்டும்.

சப்போர்ட் வேலை தாழ்வானதா என்ற தங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒரு மென்பொருளை எழுதுவது ஒரு வேலை என்றால், அதை ஆயிரக்கணக்கானோர் பயன்படுத்தும் சர்வரில் நிற்காமல் ஓட வைப்பது அதற்குச் சற்றும் குறையாத இன்னொரு வேலை. கூகுள் நிறுவனம் 2003-இல் இதற்கென்றே பொறியாளர் குழு ஒன்றைத் தொடங்கியது, இன்று எஸ்.ஆர்.இ. (சைட் ரிலையபிலிட்டி இன்ஜினியரிங்) என்று அழைக்கப்படும் பணி அங்கிருந்து வளர்ந்ததுதான். சப்போர்ட்டில் தொடங்கி மிடில்வேர் (டாம்கேட் போன்ற இடைநிலை மென்பொருள்) நிர்வாகம், டெவ்ஆப்ஸ் (மென்பொருள் எழுதுவதையும் ஓட்டுவதையும் இணைக்கும் பணி) என்று மேலே செல்பவர்கள் உண்டு. கோடிங் பக்கம் திரும்புபவர்களும் உண்டு. நேர்முகத் தேர்வில் ‘உங்கள் அப்ளிகேஷன் திடீரென்று 503 (சேவை தற்போது கிடைக்கவில்லை) தருகிறது, முதலில் எதைப் பார்ப்பீர்கள்?’ என்று கேட்டால், புத்தகத்தில் மட்டும் படித்தவர் தடுமாறுவார். இப்போது தங்கள் மகள் படும் பாட்டைப் பட்டவர் வரிசையாகச் சொல்வார்.

ஆயினும் எல்லா சப்போர்ட் வேலையும் இப்படி வளர விடும் என்று நான் சொல்ல மாட்டேன். வரும் டிக்கெட்டை (பழுதுப் புகாரை) வேறு குழுவுக்குத் தள்ளிவிடுவது மட்டுமே வேலை என்றால், இரண்டு ஆண்டு கழித்தும் கையில் தொழில் இருக்காது. ஆகவே அவர் பணி நியமனத்தை ஏற்பதற்கு முன்பு, சர்வர் லாகைப் பார்க்கும் அனுமதி தமக்கு உண்டா, பழுதின் மூல காரணத்தைக் கண்டறிவதில் தமக்குப் பங்கு உண்டா, டெப்ளாய்மென்ட் (மென்பொருளை சர்வரில் ஏற்றும் பணி) செய்யும் குழுவுக்கு எப்போது மாறலாம் என்று மேலாளரிடம் பணிவாகவும் தெளிவாகவும் கேட்கட்டும். இரவு ஷிஃப்ட் எத்தனை வாரத்துக்கு ஒரு முறை வரும், வீடு வரை கேப் உண்டா, பாண்ட் கையெழுத்திட வேண்டுமா என்பவற்றை மனிதவளப் பிரிவில் எழுத்து மூலமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பதில்கள் திருப்தி தராவிட்டால், பயிற்சியை முடித்துச் சான்றிதழைப் பெற்றுக்கொண்டு வேறு நிறுவனத்துக்கு முயல்வது நல்லது. பாதியில் நிறுத்த வேண்டாம். நேர்முகத் தேர்வில் எடுத்துச் சொல்வதற்கு, இந்த 404 எப்படி வந்தது, எப்படிச் சரிசெய்தார் என்பதை அவர் இப்போதே ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.