மூளையின் செரற்றோனின் ஆய்வுகூட விலங்குகளின் உடல் வெப்பநிலையைக் கூட்டுமா, குறைக்குமா?

பரீட்சைக்காக ஒரு வரி விடை தேடுகிறீர்கள் என எண்ணுகிறேன். எந்த வாங்கி (நரம்புச் செய்தி கடத்தும் வேதிப்பொருளான செரற்றோனின் வந்து பொருந்தும் புரதம்), எந்த விலங்கு, அறை எவ்வளவு சூடு என்ற மூன்றையும் கேட்காமல் இதற்கு விடை சொல்ல முடியாது.

1960களில் பூனையின் மூளையிலுள்ள திரவ அறைகளுக்குள் செரற்றோனினைச் செலுத்தியபோது வெப்பநிலை ஏறியது, முயலில் இறங்கியது. வாங்கிகள் வகை பிரிக்கப்பட்ட பின்னரே இக்குழப்பம் ஓரளவு தெளிந்தது. 1ஏ வாங்கியைத் தூண்டும் 8-ஓஎச்-டிபிஏரி என்ற பொருள் எலியிலும் சுண்டெலியிலும் வெப்பநிலையை இறக்கும். 2ஏ வாங்கியைத் தூண்டும் டிஓஐ, வாலின் குருதிக்குழாய்களைச் சுருக்கி வெப்பம் வெளியேறும் வழியை அடைப்பதோடு பழுப்புக் கொழுப்பின் வெப்ப உற்பத்தியையும் கூட்டுவதால், வெப்பநிலையை ஏற்றும்.

மூன்றாவது கேள்விதான் என்னைச் சுட்டது. 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில், யாழ்ப்பாணத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் எலிகளுக்கு 1ஏ மருந்தை ஏற்றி அளந்துகொண்டிருந்தோம். குளிரூட்டி நின்று, சித்திரை வெயிலில் அறை 31 பாகையைத் தாண்டும் பிற்பகல்களில், எலிகள் வாலை நீட்டி வயிற்றைத் தரையோடு ஒட்டிக் கிடக்கும். உமிழ்நீரை உரோமத்தில் பூசிக்கொள்ளும். அன்றைய அளவீடுகளில் மருந்தின் இறக்கம் மிகச் சிறியதாகவே இருந்தது. வியப்பில்லை: அம்மருந்து உடலைக் குளிர்விப்பதில்லை, வெப்பத்தை வெளியே போக விட்டு உற்பத்தியைத் தணிக்கிறது, அறையே சூடாக இருந்தால் வெளியே போகவும் இடமில்லை, தணிப்பதற்கு உற்பத்தியும் அதிகமில்லை.

கரண்ட் இல்லாததற்கு அறிவியல் சாட்டுச் சொல்கிறார் என்று இங்கே சிலர் எழுதக்கூடும். அவர்கள் எம்டிஎம்ஏ (எக்ஸ்டசி எனப்படும் போதைப்பொருள்) பற்றிய ஆய்வுகளைப் பார்க்கட்டும். செரற்றோனினைப் பெருமளவில் வெளிவிடச் செய்யும் அந்த ஒரே மருந்து, குளிர்ந்த அறையில் எலியின் வெப்பநிலையை இறக்கும், சூடான அறையில் ஆபத்தான அளவுக்கு ஏற்றும். அந்த ஆய்வுகளெல்லாம் மின்வெட்டு இல்லாத ஊர்களில் நடந்தவை.

ஆனாலும் எங்கள் கட்டுரையைப் பார்த்த மதிப்பீட்டாளர் ஒருவர், அறை வெப்பநிலையை நாங்கள் ஒழுங்காகக் குறித்திருந்தும், 'வழமையான' 22 பாகையில் எல்லாவற்றையும் மீளச் செய்யுமாறு எழுதினார். எலிக்கு இதமான சூடு 30 பாகையை அண்டியது என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். 22 பாகையில் அது குளிரோடு போராடிக்கொண்டே இருக்கிறது. அப்படியிருக்க எது வழமை? டீசலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற அந்த மாதங்களில், மின்பிறப்பாக்கியை இரவு பகலாக ஓட்டும்படி கேட்பது அவருக்கு இலகுவாக இருந்தது.