ரோட்டுல எடுத்த நாய்க்கு லிஃப்ட் கிடையாதாம்

கேள்வி: சேலம் அழகாபுரத்துல சொந்த ஃப்ளாட்ல இருக்கோம். ஏற்காடு அடிவாரத்துல அடிபட்டுக் கிடந்த நாட்டு நாயைத் தூக்கிட்டு வந்து வளர்க்கறோம். ரெண்டாவது மாடி லாப்ரடாரை எல்லாரும் கொஞ்சறாங்க, எங்க மணியை மட்டும் தெரு நாய்னு சொல்லி லிஃப்ட்ல ஏத்தக்கூடாதுன்னு அசோசியேஷன்ல தீர்மானம் போட்டுட்டாங்க. எடுத்த இடத்துலயே விட்டுருங்கங்கறார் செக்ரட்டரி. இன்னொருத்தர் விஷம் வச்சிருவேங்கறார். என்னங்க பண்றது?

பதில்: செக்ரட்டரி பேச்சைக் கேட்டுடாதீங்க, கேட்டா மாட்டப்போறது நீங்கதான். வளர்த்த பிராணியைச் சோறு தண்ணியில்லாம தவிக்கற மாதிரி எங்கயாவது விட்டுட்டு வந்தா 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டம் 11வது பிரிவுல குற்றம். முதல் தடவைக்கு அதிகபட்ச அபராதமே 50 ரூபாதான், சிரிக்காதீங்க, ஆனாலும் கேஸ் கேஸ்தானுங்க.

தீர்மானத்துக்கு வருவோம். நீங்க ஓனர்ங்கறதால நல்ல பிடி இருக்கு. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015ல போட்ட வழிகாட்டுதல்படி மெஜாரிட்டியே கை தூக்கினாலும் நாய் வளர்க்க அசோசியேஷன் தடை போட முடியாது, லிஃப்டையும் மறுக்க முடியாது. அது வெறும் வழிகாட்டுதல், சட்டமான்னு எதிர்த்தரப்பு வக்கீல் கேப்பார், கேக்கட்டும், 2021ல கேரள ஹைகோர்ட் இந்த மாதிரி பைலாவே (அசோசியேஷன் விதி) செல்லாதுன்னு சொல்லிருக்கு, நம்ம ஊர் கோர்ட்டை அது கட்டுப்படுத்தாது, ஆனா தாராளமா எடுத்துக் காட்டலாம்.

உங்க அபார்ட்மென்ட்காரங்களுக்கு உறுத்தறது மணியோட விலைதான்னு தோணுது. ஆயிரக்கணக்குல கொட்டி வாங்கிருந்தா வாசல்லயே தடவிக் கொடுத்திருப்பாங்க. சட்டம் அப்படிப் பில்லு கேக்கறதில்ல. 2025 ஆகஸ்ட் 22ல சுப்ரீம் கோர்ட் போட்ட உத்தரவுலயே தெரு நாயைத் தத்தெடுக்க வழி இருக்கு, ஆனா எடுத்தவங்க அது திரும்பத் தெருவுக்குப் போகாம பாத்துக்கணும்.

அதே மாதிரி மணி யாரையாச்சும் கடிச்சா, பாவம் அடிபட்ட நாய்னு சொல்லித் தப்பிக்க முடியாது. அஜாக்கிரதையா இருந்தீங்கன்னு வந்துட்டா பி.என்.எஸ். (ஐ.பி.சி.க்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா) 291வது பிரிவு, ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லாட்டி 5000 ரூபா வரைக்கும் அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். லிஃப்ட்ல பெல்ட் இல்லாம கூட்டிட்டுப் போகவே போகாதீங்க, ரேபிஸ் ஊசி கார்டு, கருத்தடை பண்ணின டாக்டர் சீட்டு எல்லாம் ஃபைல்ல இருக்கட்டும்.

விஷம்னு பேசறாரே, அதை வாய்ப்பேச்சுன்னு விடாதீங்க. நாய்க்கு விஷம் வச்சா பி.என்.எஸ். 325, அஞ்சு வருஷம் வரைக்கும் உள்ள போலாம். மெசேஜ்ல சொல்லிருந்தா ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டு ஸ்டேஷன்ல எழுதிக் கொடுங்க, சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பதிஞ்சதுக்கு போலீஸ் தர்ற ரசீது) வாங்காம எந்திரிக்காதீங்க. பெரும்பாலும் அதுக்கே ஆள் அடங்கிருவார்.

அப்புறமும் லிஃப்டை மறிச்சா முன்சீப் கோர்ட்ல உறுத்துக்கட்டளை, அதாவது லிஃப்டை மறிக்கக்கூடாதுன்னு தடை உத்தரவு, கேக்கலாம். அதுக்கு முன்னாடி வக்கீல் நோட்டீஸ். அதுக்கும் முன்னாடி அந்தத் தீர்மானத்தோட காப்பி வேணும், எழுத்துல கேட்டு வாங்குங்க, தரலைன்னா பதிவுத்தபால்ல கேளுங்க, அந்தத் தபால் ரசீதே நமக்கு ஆதாரம்.