வயிற்று ரத்தக்குழாய் வீக்கத்துக்கு ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம் கழித்து எடுத்த ஸ்கேனில் 'எண்டோலீக்' என்று வந்திருக்கிறது, அப்பாவுக்கு ஆபத்தா?

ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதிலிருந்து நீங்கள் தூங்கியிருக்க மாட்டீர்கள். நானும் தூங்கவில்லை. நான் டாக்டர் இல்லை, எங்கள் வீட்டில் நடந்ததைத்தான் சொல்கிறேன், அதனால் கமெண்டில் வந்து பாடம் எடுக்க வேண்டாம்.

என் அப்பாவுக்கு வயிற்றுப் பெருந்தமனியில் 5.8 செ.மீ. வீக்கம். வயிற்றைத் திறக்காமல் தொடை இடுக்கு வழியாக ஸ்டென்ட் கிராஃப்ட் (துணி சுற்றிய உலோகக் குழாய்) வைத்தார்கள். அடுத்த வருடம் எடுத்த சி.டி. ஆஞ்சியோ (ரத்தக்குழாய் ஸ்கேன்) ரிப்போர்ட்டில் 6.1 செ.மீ., டைப் 2 எண்டோலீக், அதாவது ஸ்டென்டுக்கு வெளியே வீக்கத்துக்குள் ரத்தக் கசிவு, என்று இருந்தது. இத்தனை லட்சம் செலவழித்தும் வீக்கம் கூடியிருக்கிறதே என்று அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். உண்மையில் ஸ்டென்ட் வீக்கத்தை வெட்டி எடுப்பதில்லை, உள்ளே புதுக் குழாய் போட்டு ரத்தத்தை அதன் வழியாகத் திருப்பிவிடுகிறது, வெளியே அந்த வீங்கிய பை அப்படியேதான் இருக்கும். இதை யாரும் எங்களுக்கு முன்னாடியே சொல்லவில்லை.

சர்ஜன் ரிப்போர்ட்டைப் பார்க்கவே இல்லை. "ஸ்கேன் பதிவு பண்ணின டிஸ்க் எங்கே? பழையதும் வேணும்" என்றார். நான் ஃபிலிம் மட்டும்தான் கொண்டு போயிருந்தேன், திரும்ப ஓடினேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து அவரே அளந்தார். இரண்டிலும் 5.7. ரத்தக்குழாய் வளைந்திருந்த இடத்தில் ஸ்கேன் சென்டரில் சாய்வாக அளந்திருக்கிறார்கள். "முருங்கைக்காயைச் சாய்வா நறுக்கினா துண்டு பெருசாத்தானே தெரியும்?" என்றார்.

அப்புறம் கசிவைக் காட்டினார். ரத்தம் படத்தில் வெள்ளையாகத் தெரிவதற்கான மருந்தை ஏற்றுவதற்கு முன் எடுத்த படத்திலேயே வெள்ளையாக இருந்தது சுண்ணாம்புப் படிவு, கசிவு இல்லை. மருந்து ஏற்றிக் கொஞ்சம் தாமதமாக எடுத்த படத்தில் மட்டும் பையின் பின்பக்கம் மெல்லிய வெள்ளைக் கீற்று ஒன்று வந்தது. முதுகுப் பக்கச் சின்னக் கிளைகள் வழியாக ரத்தம் பின்னோக்கி வருகிறதாம், அதுதான் டைப் 2. பை பெரிதாகாதவரை பெரும்பாலும் கவனித்துக்கொண்டிருந்தால் போதும், பல பேருக்குத் தானாகவே அடைபடும் என்றார். எங்களுக்கு ஆறு மாதத்தில் டாப்ளர் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) எடுக்கச் சொன்னார்.

உங்கள் ரிப்போர்ட்டில் டைப் 1 அல்லது 3 என்று இருந்தால் கதை வேறு. ஸ்டென்டின் முனை சரியாக ஒட்டவில்லை, அல்லது இணைப்பு விலகியிருக்கிறது, துணி கிழிந்திருக்கிறது என்று அர்த்தம், உடனே சர்ஜனைப் பாருங்கள். பை 5 மி.மீ. அளவுக்கு வளர்ந்திருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். திடீரென்று வயிறோ முதுகோ கடுமையாக வலித்தால் ரிப்போர்ட்டை ஆராயாமல் நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். அந்த ஸ்கேன் சென்டரில் இருபது வயதுப் பையன் "தாத்தா, சட்டையக் கழட்டு" என்றான். அப்பா முப்பது வருடம் தலைமையாசிரியராக இருந்தவர். வீக்கத்தைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசாத மனிதர், அந்தக் 'கழட்டு'வைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்.