ரோஜாச் செடிக்குக் கவாத்து எதற்கு?

செடி ஆளுயரம் போய் உச்சியில் ஒற்றைப் பூ மட்டும் விடுகிறது என்பது கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் வீட்டுக்கு வீடு கேட்கும் புலம்பல். பழைய, காய்ந்த, குறுக்கே போகும் கிளைகளை வெட்டிச் செடியைப் புதுப்பிப்பதே கவாத்து.

கிளை நுனியிலுள்ள மொட்டு, கீழே இருக்கும் மொட்டுகளை வளரவிடாமல் அடக்கி வைக்கும். நுனி போனால் அவை விழிக்கும். ரோஜா பூப்பதும் புதுத் தளிரில்தான். முருங்கையை ஒடித்து வளர்ப்பது போலத்தான் இதுவும்.

அக்டோபர், நவம்பர் ஏற்ற காலம். சித்திரை வெயிலில், அதுவும் தர்மபுரியில், கத்தியை எடுக்கவே வேண்டாம். வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக வெட்டுங்கள். வெட்டிய தண்டின் உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டும். பழுப்பாக இருந்தால் இன்னும் கீழே இறங்குங்கள். வெட்டுவாயில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சணக்கொல்லி மருந்தைக் குழைத்துப் பூசினால் நுனியிலிருந்து கருகி வராது. சுமார் 45 நாளில் பூ தொடங்கும். ஓசூர் பசுமைக்குடில்காரர்கள் பிப்ரவரி 14 சந்தைக்குப் பூவை வரவழைப்பதும் இந்தக் கணக்கை வைத்துத்தான். வெட்டும் நாளைப் பின்னோக்கி எண்ணிக் குறிப்பார்கள்.

ஒட்டுக்கு, அதாவது வேர்ச்செடியோடு நல்ல ரகத்தை இணைத்த இடத்துக்கு, கீழிருந்து கொழுகொழுவென வரும் கிளையைப் பலர் புதுத்தளிர் என்று ஆசையாக விட்டுவைக்கிறார்கள். அது வேர்ச்செடியான காட்டு ரோஜாவின் கிளை, உரத்தை உறிஞ்சிக்கொண்டு மேலே இருக்கும் நல்ல ரகத்தை நலியவைக்கும், அடியோடு கிள்ளிவிடுங்கள்.