பி.டி.எஸ். (பல் மருத்துவம்) சீட்: எந்தக் கல்லூரியை மேலே போடுவது?

வணக்கம் சார். உங்கள் பாப்பாவின் பி.டி.எஸ். கவுன்சலிங்குக்கு எந்தக் கல்லூரியை மேலே போடலாம் என்று கேட்டு நீங்கள் அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். ஒவ்வொரு கல்லூரிக்கும் கட்டணம், ரேங்க், வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று எல்லாம் குறித்திருக்கிறீர்கள், ஒன்று மட்டும் விட்டுப்போயிருக்கிறது: அங்கே ஓ.பி.க்கு, அதாவது வெளிநோயாளிப் பிரிவுக்கு, தினமும் எவ்வளவு பேர் வருகிறார்கள்? என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியதே அதுதான்.

இது கையால் கற்றுக்கொள்கிற படிப்பு. மெழுகுக் கட்டியில் பல் செதுக்குவது, பொம்மைத் தலையில் பழகுவது என்று முதல் இரண்டு வருடம் எல்லாக் கல்லூரியிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் போகும். மூன்றாம் வருடம் வாயைத் திறந்து உட்கார ஆள் வேண்டும். பல் பிடுங்க இத்தனை, அடைக்க இத்தனை, பல்செட் இத்தனை என்று துறைக்குத் துறை கோட்டா வைத்திருப்பார்கள். கூட்டம் வராத கல்லூரியில் பிள்ளைகள் சொந்தக்காரர், வாட்ச்மேன், பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற பாட்டி என்று ஆள் தேடிப்பிடித்து, ஆட்டோ காசும் தாங்களே கொடுத்துக் கூட்டி வருகிறார்கள். வாயில் ஒரு பல்கூட இல்லாத பெரியவர் ஒருவர் கிடைத்துவிட்டால் முழு பல்செட்டுக்காக அவரைச் சுற்றி அவ்வளவு போட்டி. இப்படி ஐந்து வருடத்தை ஓட்டியவர்கள் சான்றிதழ் கையில் இருந்தும் கடைவாய்ப் பல் ஒன்றைத் தனியாகப் பிடுங்கத் தயங்குவதைப் பார்க்க மனசு கஷ்டமாக இருக்கிறது.

அதனால் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு ஒரு வேலை நாளில் காலை பத்து மணிக்குப் போங்கள். அட்மிஷன் ஆபீஸுக்கு அப்புறம் போய்க்கொள்ளலாம், முதலில் ஓ.பி. சீட்டு கொடுக்கிற இடத்தில் வரிசை நிற்கிறதா என்று பாருங்கள். அப்படியே கேன்டீனில் ஒரு ஃபைனல் இயர் பிள்ளையிடமோ ஹவுஸ் சர்ஜனிடமோ பேச்சுக் கொடுத்து, ரூட் கெனால் நோயாளிக்குச் செய்தாயா, பிடுங்கி வைத்த பல்லில் மட்டும் செய்தாயா என்று கேட்டுவிடுங்கள். பி.டி.எஸ்.க்கு அடுத்த மேற்படிப்பான எம்.டி.எஸ். எத்தனை துறைகளில் இருக்கிறது என்பதையும் விசாரியுங்கள். சிக்கலான கேஸ்கள் பி.ஜி. மாணவர்களுக்குப் போய்விடும் என்பது உண்மைதான், ஆனால் பக்கத்தில் நின்று பார்க்கவும் கேட்கவும் ஆள் இருப்பது பெரிய விஷயம், நான் அந்தக் கல்லூரியைத்தான் மேலே போடுவேன்.

அரசுக் கல்லூரிகளை மேலே போடுவதில் எனக்குத் தயக்கமே கிடையாது. சென்னை கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருப்பது, சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திடமிருந்து அரசு எடுத்துக்கொண்டது, 2023-ல் திறந்த புதுக்கோட்டை, இந்த மூன்றும்தான் பட்டியலின் தலையில் இருக்க வேண்டும். புதுக்கோட்டை புதிது என்று பயப்படாதீர்கள். கட்டணம் குறைவு, சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு அதுதான் பக்கம்.

அப்புறம், கவுன்சலிங் இரண்டு. மாநில ஒதுக்கீட்டை சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கிற தேர்வுக்குழு நடத்துகிறது. சிறுபான்மை அல்லாத சுயநிதிக் கல்லூரிகள் அரசு ஒதுக்கீட்டுக்குத் தருகிற 65 சதவீத இடங்களும் அதில்தான் வரும். அரசுக் கல்லூரிகளின் 15 சதவீத அகில இந்திய இடங்களும் நிகர்நிலைப் பல்கலைக்கழக இடங்களும் டெல்லியில் மத்திய அரசின் மருத்துவக் கவுன்சலிங் குழுவான எம்.சி.சி. கையில். இரண்டுக்கும் தனித்தனியாகப் பதிய வேண்டும், ஒன்றில் பதிந்தால் இன்னொன்றில் பெயர் தானாக வராது. பாப்பா ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை விட்டுவிடாதீர்கள். அதில் சீட் கிடைத்தால் சுயநிதிக் கல்லூரியாக இருந்தாலும் கட்டணத்தை அரசே கட்டுகிறது.

சாய்ஸ் போடும்போது நிறைய பெற்றோர், பெரிய கல்லூரியை மேலே போட்டு அது கிடைக்காமல் போனால் கீழே இருப்பதும் கை நழுவிவிடும் என்று பயந்துகொண்டு, கிடைக்கும் என்று தோன்றுவதை முதலில் போட்டுவிடுகிறார்கள். அப்படி நடக்காது. உங்கள் ரேங்க் வரும்போது மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, காலியாக இருக்கிற முதல் இடத்தைத் தருவார்கள், அவ்வளவுதான். எனவே ஆசைப்பட்ட வரிசையிலேயே போடுங்கள். ஆனால் கிடைத்தாலும் சேர மாட்டோம் என்கிற கல்லூரியைச் சும்மா நிரப்பி வைக்காதீர்கள். அடுத்தடுத்த சுற்றுகளில் ஒதுக்கீடு வந்தும் கல்லூரியில் சேராமல் விட்டால் காப்புத்தொகை போய்விடும், நிகர்நிலைக்கு அது 2 லட்ச ரூபாய்.

கட்டணத்தை ஒரு வருடக் கணக்காகப் பார்க்காதீர்கள். ஹாஸ்டல், சாப்பாடு, பிள்ளைகளே வாங்க வேண்டிய பல்லைக் குடைகிற ஏரோட்டர் மாதிரியான கருவிகள், பரீட்சைக் கட்டணம் எல்லாம் சேர்த்து முழுப் படிப்புக்கும் கூட்டுங்கள். இன்டர்ன்ஷிப் வருடத்துக்கு உதவித்தொகை தருவார்களா, இல்லை அதற்கும் நம்மிடமே வாங்குவார்களா என்று தெளிவாகக் கேளுங்கள். பி.டி.எஸ். முடித்ததும் கிளினிக்கில் கிடைக்கிற ஆரம்பச் சம்பளத்தில் பெரிய கடனுக்குத் தவணை கட்டுவது ரொம்பச் சிரமம். வீட்டை அடமானம் வைத்துத்தான் நிகர்நிலைக்குப் போக வேண்டும் என்றால், ஓ.பி. கூட்டம் நன்றாக இருக்கிற சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு சீட்டே போதும் என்பேன்.

நேரில் பார்த்துவிட்டு வந்ததும் பாப்பாவையே வரிசை எழுதச் சொல்லி எனக்கு அனுப்புங்கள். சாய்ஸை லாக் செய்கிற கடைசி நாள் வரை இழுக்க வேண்டாம், அன்றைக்கு சர்வர் படுத்தும்.