பூம் ராடின் பூட்டு வளையம் இறுகிக்கொண்டால் எப்படிக் கழற்றுவது?

பூம் ராட் என்பது ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்களால் ஆன, நீட்டிச் சுருக்கக்கூடிய, முனையில் மைக்கை மாட்டிப் பிடிக்கும் கம்பு. குழாய்கள் சேரும் இடத்தில் இருக்கும் மரையுள்ள வளையம்தான் பூட்டு வளையம். அதைத் திருகினால், உள்ளே உள்ள பிளவுபட்ட பிளாஸ்டிக் பூண் சுருங்கி உள்குழாயைக் கவ்விப் பிடிக்கும்.

இறுகிப்போவதற்குப் பெரும்பாலும் தூசியும் மணலும்தான் காரணம். மரைக்குள் புகுந்த சிறு துகள்கூட ஆப்பு போல நின்றுவிடும். வெயிலில் இறுக்கிய கம்பைக் குளிர்ந்த அறைக்குக் கொண்டுபோனாலும் சிக்கலாம்: அலுமினிய வளையம் சுருங்கும், கார்பன் ஃபைபர் குழாய் அநேகமாகச் சுருங்காது.

திறக்க வராத பாட்டில் மூடியைச் சூடுகாட்டி, வழுக்காத துணியால் பிடித்துத் திருகுவோமே, அதே வழிதான் இங்கும். முதலில் மைக்கையும் கேபிளையும் கழற்றிவிடுங்கள். ஹேர் டிரையரை இளஞ்சூட்டில் வளையத்தின் மேல் மட்டும் ஓரிரு நிமிடம் காட்டுங்கள். பிறகு ரப்பர் கையுறை போட்டு, ஒரு கையால் வளையத்தையும் மறு கையால் அதை ஒட்டியுள்ள பருமனான குழாயையும் பிடித்துத் திருகுங்கள். தள்ளிப் பிடித்தால் அடுத்த வளையம்தான் திரும்பும். பலர் தடுமாறுவது இங்கேதான். குறடு வேண்டவே வேண்டாம். வளையம் நசுங்கிப் பிடி இன்னும் இறுகும், குழாயும் விரிசல் விடும். கழன்றதும் மரையை ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள்.

எண்ணெய் விட்டால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். எண்ணெய் தூசியை ஈர்க்கும், பூணில் பட்டால் பூட்டே பிடிக்காமல் ஒலிப்பதிவின் நடுவே கம்பு வழுக்கி இறங்கும்.